தவணைப் பணமும் வீட்டின் மெய்ச் செலவும்

வீடு வாங்க விரும்பும் ஒருவர் முதன்முதலிற் கேட்கும் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?" என்பதே. அது பிழையான கேள்வியன்று. ஆயின், கடன் கொடுக்க முன்வரும் நிறுவனம் அதற்கு உடனே சொல்லும் விடை பெரும்பாலும் முழு விடையாக இருப்பதில்லை. முதலும் வட்டியும் சேர்ந்த தொகையையே அது சொல்லுகிறது. வரி, காப்புறுதி, பேணற் செலவு, வீடு கைமாறும் நாளிற் செலுத்தவேண்டிய கட்டணங்கள் யாவும் அத்தொகைக்கு வெளியே நிற்கின்றன. அவ்வாறு வெளியே நிற்பவை சிறு தொகைகள் அல்ல. அன்றியும், அவை இடத்துக்கிடம் வேறுபடுவன. இந்த உண்மையை ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைக் கொண்டு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அம்மாநிலத்தின் சான் ஹொசே, பிரிமொண்ட் முதலிய நகரங்களிலே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள மகனோ மகளோ "வீடு பார்க்கிறோம்" என்று சொல்லும்பொழுது, ஊரிலிருக்கும் தாய் தந்தையர் மகிழ்கின்றனர். விலையைக் கேட்டுத் திகைக்கின்றனர். சிலர் இயன்றவளவு கைகொடுக்கவும் முன்வருகின்றனர். கைகொடுப்பவரும் கணக்கை அறிந்து கைகொடுப்பது நன்று. 2024ஆம் ஆண்டில் அம்மாநிலத்துத் தனிவீடுகளின் இடைநிலை விலை முதன்முறையாக 9 இலட்சம் டொலரைக் கடந்தது. இடைநிலை விலை என்பது, விற்பனையான வீடுகளிற் பாதி அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் நிற்கும் விலையாகும். இத்துணைப் பெரிய தொகையைக் கையிலே வைத்துக்கொண்டு வீடு வாங்குவோர் சிலரே. ஏனையோர் ஈட்டுக் கடனையே நம்பவேண்டியவராயிருக்கின்றனர்.

ஈடு என்பது நம்மவர்க்குப் புதிய சொல்லன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே ஒற்றி என்றொரு முறையும் உண்டு. ஒற்றியிலே கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாகக் காணியின் பயனை அனுபவிப்பார். கலிபோர்னிய முறை இதற்கு வேறானது. அங்கே கடன் பெற்றவரே வீட்டிற் குடியிருப்பார். வட்டியைப் பணமாகவே செலுத்துவார். மாதந்தோறும் வட்டியுடன் முதலிலும் ஒரு பகுதியைத் திருப்புவார். குறித்த ஆண்டுகள் முடியும்பொழுது முதலும் வட்டியும் ஒருங்கே தீர்ந்துபோகும். இம்முறை அமெரிக்க நாட்டிலே தொன்றுதொட்டு வந்ததும் அன்று. 1930ஆம் ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குரிய குறுங்காலக் கடன்களாகவே இருந்தன. தவணை முடிவிலே பெருந்தொகை ஒன்றை ஒருசேரக் கட்டவேண்டும். அல்லது கடனைப் புதுப்பிக்கவேண்டும். பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது புதுப்பிப்பார் இல்லாமையால் எண்ணிறந்தோர் வீடிழந்தனர். அதன் பின்னரே, 1934இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம் நீண்டகாலக் கடன்களுக்குப் பிணை நின்று, மாதந்தோறும் சமமான தொகை கட்டும் முறையை நாடெங்கும் பரப்பியது. இன்று 30 ஆண்டுக் கடனே பெருவழக்காயிருக்கிறது.

இனி, கணக்கைப் பார்ப்போம். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்ப்பவர்கள், பிள்ளைகள் இருவர். கடற்கரைப் பட்டினங்களின் விலை எட்டாமையால், மாநிலத்தின் உட்பகுதியிலே 6 இலட்சம் டொலருக்கு ஒரு வீட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். விலையில் ஐந்திலொரு பங்காகிய 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலரை முற்பணமாகச் செலுத்துவர். மீதி 4 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் கடன். காலம் 30 ஆண்டு. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 6.5 வீதம் என்று கொள்வோம்.

தவணையைக் கணிக்க நுண்கணிதம் வேண்டியதில்லை. 30 ஆண்டுக் கடனிலே ஒவ்வோர் ஆயிரம் டொலருக்கும் மாதத் தவணை, 6 வீத வட்டியாயின் ஏறத்தாழ 6 டொலர், 6.5 வீதமாயின் 6 டொலர் 32 சதம். 7 வீதமாயின் 6 டொலர் 65 சதம். இந்த மூன்று எண்களை மனத்திற் கொண்டால் எவரும் தாமே கணிக்கலாம். 480 ஆயிரத்தை 6 டொலர் 32 சதத்தாற் பெருக்கினால் ஏறத்தாழ 3,034 டொலர் வரும். கடன் நிறுவனம் சொல்லும் விடை இதுவே.

இந்தத் தொகையின் உள்ளமைப்பை அறிந்தோர் சிலர். முதல் மாதத்திலே வட்டி மட்டும் 2,600 டொலர். எனவே 3,034 டொலரில் முதலைக் குறைப்பது 434 டொலரே. மாதஞ் செல்லச்செல்ல வட்டி சிறுகி முதல் பெருகும். ஆயினும் அது மிக மெதுவாகவே நிகழும். ஐந்து ஆண்டிலே அக்குடும்பம் 1 இலட்சத்து 82 ஆயிரம் டொலர் கட்டியிருக்கும்; கடனோ ஏறத்தாழ 30 ஆயிரத்து 700 டொலரே குறைந்திருக்கும். முதலிற் பாதி தீர 21 ஆண்டுகள் கடந்துவிடும். 30 ஆண்டும் கட்டி முடித்தால், வட்டியாகச் சென்றது 6 இலட்சத்து 12 ஆயிரம் டொலராக இருக்கும். அது வீட்டின் விலையினும் அதிகம்.

அதே கடனை 15 ஆண்டிலே தீர்ப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 4,181 டொலராக உயரும். மொத்த வட்டியோ 2 இலட்சத்து 73 ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். வட்டி 6.5 இலிருந்து 7 வீதமாயின், 30 ஆண்டுக் கடனின் தவணை மாதம் 160 டொலர் கூடும். அரை வீதந்தானே என்று அலட்சியம் செய்வோர், 30 ஆண்டிலே அந்த அரை வீதம் 57 ஆயிரம் டொலருக்கு மேலாகத் திரளும் என்பதை எண்ணவேண்டும். ஆகவே ஒரே நிறுவனத்திடம் கேட்டு அமையாது, மூன்று நான்கு இடங்களில் விசாரித்துப் பார்ப்பவருக்கு அந்த உழைப்பு வீண்போகாது.

இதுவரை சொல்லப்பட்டது எந்த மாநிலத்துக்கும் பொருந்தும். இனி வருவதே கலிபோர்னியாவுக்குரியது.

அவற்றுள் முதன்மையானது ஆதன வரி. ஊரிலே சோலைவரி என்று வழங்குவதற்கு ஒப்பானது இது. ஆனால் அளவிலே மிகப் பெரியது. 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னிய வாக்காளர் "பதின்மூன்றாம் முன்மொழிவு" என்னும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினர். ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் என்னும் இருவர் அதனை முன்னின்று நடத்தினர். அக்காலத்திலே வீட்டு விலை ஏறஏற வரியும் ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர் தம் வீட்டு வரியைக் கட்டமாட்டாது தவித்தனர். திருத்தம் இரண்டு வரம்புகளை விதித்தது. பொது ஆதன வரி, மதிப்பீட்டின் நூற்றுக்கு 1 வீதத்தைத் தாண்டலாகாது. அம்மதிப்பீடும் ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் உயரலாகாது. ஆனால், வீடு விலைப்பட்டுக் கைமாறும்பொழுது மதிப்பீடு அன்றைய விலைக்கு உயர்த்தப்படும்.

இதனால் ஒரு விந்தையான நிலை உண்டாயிற்று. ஒரே வீதியிலே, ஒரே அளவான இரண்டு வீடுகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றிலே நாற்பது ஆண்டாக வாழ்பவர் சிறிய வரி கட்டுவார். மற்றதை நேற்று வாங்கியவர் பன்மடங்கு வரி கட்டுவார். 1988இலே லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வீடு வாங்கிய பெண்மணி ஒருவர், அயலிலே அதையொத்த வீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்தோரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி தம்மீது விழுந்ததைக் கண்டு வழக்காடினார். அவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1992இலே நீதியரசர்கள் எண்மர் திருத்தம் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்த்தனர், ஒருவர் மாறுபட்டார். சட்டம் நிலைத்தது.

வாங்குவோர் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. வீட்டைக் காட்டும்பொழுது விற்பவரின் வரிச் சீட்டையும் காட்டுவர். விற்பவர் நெடுங்காலம் அவ்வீட்டில் வாழ்ந்தவராயின் அதிலே ஆண்டு வரி 3 ஆயிரம் டொலர் என்று இருக்கலாம். அதை நம்பி மாதம் 250 டொலர் என்று கணக்கெழுதுவோர் ஏமாறுவர். வாங்கும் நாளிலே மதிப்பீடு 6 இலட்சமாகிவிடும். பொது வரி 1 வீதம். அதன்மேல் வாக்காளர் ஏற்ற பாடசாலைக் கடன் முதலியவற்றுக்கான உள்ளூர் வரி சேரும். இரண்டும் சேர்ந்து 1.2 வீதம் என்று கொண்டால், ஆண்டுக்கு 7,200 டொலர். மாதத்துக்கு 600 டொலர். விற்பவரின் வரி விற்பவருக்கே உரியது; வாங்குபவரின் வரியைக் கொள்விலையைக் கொண்டே கணிக்கவேண்டும்.

வரியிலே இன்னும் இரண்டு மறைவிடங்கள் உள. முதலாவது, மேலதிக வரிச் சீட்டு. கலிபோர்னியாவின் வரியாண்டு ஜூலை முதல் நாள் தொடங்கும். ஆண்டின் நடுவிலே வீடு கைமாறினால், பழைய மதிப்பீட்டுக்கும் புதிய மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு, எஞ்சிய மாதங்களுக்குரிய வரி தனியாகக் கேட்கப்படும். 1983 முதல் இம்முறை நடைபெற்று வருகிறது. மேற்சொன்ன வீட்டின் பழைய மதிப்பீடு இரண்டரை இலட்சம் எனின், வேறுபாடு மூன்றரை இலட்சம். ஓராண்டுக்கு அதன் வரி 4,200 டொலர். வரியாண்டிலே பாதி எஞ்சியிருப்பின் 2,100 டொலர். இந்தச் சீட்டு வீடு புகுந்து பல மாதங் கழித்தும் வரலாம். பெரும்பாலும் கடன் நிறுவனத்துக்குச் செல்லாமல் வீட்டுக்காரருக்கே வரும். தவணையோடு வரியையும் நிறுவனம் கட்டிவிடுகிறதே என்று எண்ணி அதை ஒதுக்கி வைத்தோர் பின்னர் தண்டமும் சேர்த்துக் கட்டநேரும்.

இரண்டாவது, புதிய குடியிருப்புகளில் விதிக்கப்படும் விசேட வரி. 1982இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின்படி, வீதி, பாடசாலை, பூங்கா முதலியன அமைப்பதற்குப் பெற்ற கடனை அக்குடியிருப்பின் வீட்டுக்காரர்களே ஆண்டுதோறும் தீர்க்கவேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த இருவரின் பெயரால் அதனை மெல்லோ ரூஸ் வரி என்பர். அது வீட்டின் மதிப்பீட்டைக் கொண்டு விதிக்கப்படுவதன்று; ஆகவே 1 வீத வரம்பு அதனைக் கட்டுப்படுத்தாது. புதிய வீட்டின் பளபளப்பைக் கண்டு மகிழ்வோர் அதன் வரிச் சீட்டின் எல்லா வரிகளையும் கேட்டு வாசிக்கவேண்டும். பல குடியிருப்புகளிலே வீட்டுக்காரர் சங்கக் கட்டணமும் மாதந்தோறும் உண்டு.

அடுத்தது காப்புறுதி. கடன் உள்ளவரை வீட்டுக்குத் தீக் காப்புறுதி இருக்கவேண்டும் என்பது கடன் நிறுவனத்தின் நிபந்தனை. ஒரு காலத்திலே இது சிறு செலவாக இருந்தது. காட்டுத் தீ அந்நிலையை மாற்றிவிட்டது. 2018 நவம்பரிலே பரடைஸ் என்னும் ஊரை அழித்த தீயிலே 85 பேர் மாண்டனர். 2025 ஜனவரியிலே லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் எழுந்த தீக்கள் 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. இதற்கிடையில், 2023இலே மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. வேறெவரும் ஏற்காத வீடுகளுக்கு, காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொது ஏற்பாடு ஒன்று உண்டு. ஆயினும் அது தருவது குறுகிய காப்பு. கட்டணமோ பெரும்பாலும் அதிகம். ஆகவே விலை பேசுமுன்னரே அந்த முகவரிக்குக் காப்புறுதி கிடைக்குமா, என்ன கட்டணம் என்று கேட்டறிவது இன்று இன்றியமையாததாயிற்று. மலையோர வீட்டின் அழகுக்கு மறைமுகமான விலை ஒன்று உண்டு.

பூமியதிர்ச்சி வேறு விடயம். வழக்கமான வீட்டுக் காப்புறுதியிலே பூமியதிர்ச்சியும் வெள்ளமும் அடங்கா. 1994இல் நோர்த்ரிட்ஜ் பகுதியில் நிகழ்ந்த அதிர்ச்சியின் பின்னர் நிறுவனங்கள் பின்வாங்கியமையால், 1996இலே மாநிலச் சட்டம் தனியான பூமியதிர்ச்சிக் காப்புறுதி அமைப்பை உண்டாக்கியது. அதிலே சேர்வதும் விடுவதும் வீட்டுக்காரரின் விருப்பம். சேராதவர் தம் வீட்டின் ஆபத்தைத் தாமே சுமக்கின்றனர் என்பதை அறிந்து சுமக்கவேண்டும்.

இன்னொரு காப்புறுதியும் உண்டு. அது வீட்டுக்காரரைக் காப்பதன்று, கடன் கொடுத்தவரைக் காப்பது. முற்பணம் விலையில் ஐந்திலொன்றுக்குக் குறைந்தால், சாதாரணக் கடன்களிலே இதன் கட்டணமும் கடன் பெற்றவர் தலையில் விழும். நமது குடும்பம் 60 ஆயிரம் டொலரே முற்பணமாகச் செலுத்த இயலுமாயின், கடன் 5 இலட்சத்து 40 ஆயிரமாகும். தவணை 3,413 டொலராகும். ஈட்டுக் காப்புறுதி ஆண்டுக்கு 0.6 வீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 270 டொலர் அதனுடன் சேரும். 1998இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, தவணைகளை ஒழுங்காகக் கட்டிவருபவர், கடன் முதல் விலையின் 80 வீதத்துக்கு இறங்கியதும் இதனை நீக்குமாறு எழுத்திலே கேட்கலாம். 78 வீதத்துக்கு இறங்கவேண்டிய நாள் வந்ததும் நிறுவனம் தானாகவே நீக்கவேண்டும். தவணையை மட்டும் கட்டிவந்தால் 80 வீதத்தை அடைய ஏறத்தாழ எட்டு ஆண்டு செல்லும். கேட்கும் உரிமை உண்டென்பதை அறியாதவர் கேட்காமலே கட்டிக்கொண்டிருப்பர்.

இப்பொழுது நமது குடும்பத்தின் மாதக் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். ஐந்திலொரு பங்கு முற்பணத்துடன், தவணை 3,034. ஆதன வரி 600. வீட்டுக் காப்புறுதி 200 என்று கொள்வோம். மொத்தம் 3,834 டொலர். கூரை, குழாய், வெந்நீர்க் கலம் முதலியவற்றின் திருத்தத்துக்கு ஆண்டுதோறும் விலையில் 1 வீதம் ஒதுக்குவது பழைய வழக்கம். அது மாதம் 500 டொலர். ஆகவே மெய்ச் செலவு 4,334 டொலர். நிறுவனம் சொன்ன தொகைக்கும் இதற்கும் மாதம் 1,300 டொலர் வேறுபாடு. வீடு வாங்கி இரண்டாம் ஆண்டிலே கடனட்டையை நாடும் குடும்பங்கள் பல இந்த 1,300 டொலரையே கணக்கிலே விட்டவை.

குடும்பத்தின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் வீட்டுக்குச் செல்லலாகாது என்பது அமெரிக்கக் கடன் துறையின் பழைய அளவுகோல். தவணையை மட்டும் கொண்டு பார்த்தால் ஆண்டு வருமானம் 1 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் போதும். வரியையும் காப்புறுதியையும் சேர்த்தால் 1 இலட்சத்து 64 ஆயிரம் வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கமா என்பதை எந்த எண்ணைக் கொண்டு அளப்பது என்பதே இங்குள்ள கேள்வி. கடன் நிறுவனங்கள் இந்த அளவுகோலுக்கு மேலும் கடன் தருவதுண்டு. தர இணங்கும் தொகை வேறு. தாங்கும் தொகை வேறு.

இனி, கைமாறும் நாளின் செலவு. நமது நாட்டிலே நொத்தாரிசு உறுதி எழுதுவார். பத்திரங்களைத் தேடிப் பார்ப்பார். கலிபோர்னியாவிலே எஸ்குரோ என்னும் நடுநிலையாளர் இருதரப்புப் பணத்தையும் பத்திரங்களையும் பொறுப்பேற்று, நிபந்தனைகள் யாவும் நிறைவேறிய பின்னரே கைமாற்றுவார். உரித்திலே வில்லங்கம் இருப்பின் அதற்கும் காப்புறுதி உண்டு. எஸ்குரோக் கட்டணம், உரித்துக் காப்புறுதி, மதிப்பீட்டுக் கட்டணம், கடன் நிறுவனத்தின் கட்டணங்கள், முன்கூட்டிச் செலுத்தும் வரியும் காப்புறுதியும் எல்லாம் சேர்ந்து பொதுவாக விலையில் 2 முதல் 5 வீதம் வரை ஆகும். 6 இலட்சம் டொலர் வீட்டுக்கு இது 12 ஆயிரம் முதல் 30 ஆயிரம் வரை. ஆதனக் கைமாற்று வரியும் உண்டு. மாவட்ட வரி ஆயிரம் டொலருக்கு 1 டொலர் 10 சதம். நமது வீட்டுக்கு 660 டொலர். சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட் முதலிய நகரங்கள் இதற்கு மேலும் தத்தம் வரியை விதிக்கின்றன. இவ்வரியைக் கட்டுபவர் விற்பவரா வாங்குபவரா என்பது ஊர் வழக்கையும் பேச்சையும் பொறுத்தது. ஆகவே அதை ஒப்பந்தத்திலே எழுதிக்கொள்ளவேண்டும்.

கட்டணங்களைச் சரிபார்க்கச் சட்டம் இரண்டு தாள்களைத் தருகிறது. 2015 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களுக்குள் நிறுவனம் கடன் மதிப்பீட்டுத் தாளைக் கொடுக்கவேண்டும். முடிவுக் கைச்சாத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்னர் இறுதிக் கணக்குத் தாளைக் கொடுக்கவேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவதற்கே அந்த மூன்று நாட்கள் தரப்பட்டன. மாறிய தொகை எதுவாயினும் காரணம் கேட்பது வாங்குபவரின் உரிமை.

ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணத்துக்கும் ஒரு முறை உண்டு. முற்பணத்திலே உறவினர் பணம் கலந்திருப்பின், அது நன்கொடை, திருப்பிக் கொடுக்கவேண்டியதன்று என்று கொடுத்தவர் கைச்சாத்திட்ட கடிதத்தை நிறுவனம் கேட்கும். திருப்பித் தருவதாக உள்ளூரப் பேசிக்கொண்டு, நன்கொடை என்று எழுதிக் கொடுப்பது பொய்ச் சான்றாகும். அன்றியும், மறைத்த அந்தக் கடனும் மாதந்தோறும் அக்குடும்பத்தை அழுத்தும். கொடுப்பதாயின் கொடுத்ததாகவே கொடுக்கவேண்டும். கடனாயின் அதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

ஆகக் கையிலே வேண்டிய தொகை யாது? முற்பணம் 1 இலட்சத்து 20 ஆயிரம். கைமாற்றுச் செலவு 3 வீதம் என்று கொண்டால் 18 ஆயிரம். மேலதிக வரி 2,100. உத்தியோகம் போனாலும் ஆறு மாதம் தாங்குதற்குச் சேமிப்பு 23 ஆயிரம். மொத்தம் 1 இலட்சத்து 63 ஆயிரம் டொலர். முற்பணம் சேர்ந்ததும் வீடு வாங்கலாம் என்று புறப்படுவோர் இந்த 43 ஆயிரத்தை மறந்துவிடுகின்றனர்.

கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் எவ்வாறு மாறும் என்பதற்கு டெக்சஸ் மாநிலத்தை நோக்கலாம். அங்கே மாநில வருமான வரி இல்லை. ஆதனக் கைமாற்று வரியும் இல்லை. ஆனால் ஆதன வரி பல இடங்களிலே மதிப்பின் 2 வீதத்தை அண்மிக்கும். குடியிருக்கும் வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 வீதம் வரை உயரவும் சட்டம் இடமளிக்கிறது. கலிபோர்னியாவிலே வருமான வரி கடுமை. வீட்டு விலையும் கடுமை. ஆனால் வாங்கிய பின்னர் ஆதன வரியின் ஏற்றம் மெதுவானது. ஆகவே ஒரு மாநிலத்தில் வாழும் நண்பரின் கணக்கை மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாகாது.

கணக்குப் பிழைத்தால் நேர்வது யாது என்பதையும் சொல்லியாகவேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே, முதற் சில ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டியும் பின்னர் ஏறும் வட்டியும் கொண்ட கடன்கள் கலிபோர்னியாவிலே மலிந்தன. முதல் ஆண்டின் தவணையைப் பார்த்து வீடு வாங்கினர் பலர். விலை ஏறிக்கொண்டேயிருக்கும், வேண்டும்போது விற்றுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. 2007, 2008ஆம் ஆண்டுகளிலே விலை விழுந்தது, தவணை ஏறியது. கடனிலும் குறைந்த விலைக்கு வீட்டை வாங்குவாரில்லை. ஸ்டொக்டன் என்னும் நகரிலே வீதிக்கு வீதி வீடுகள் கடனிலே மூழ்கின. வரி வருவாய் குன்றிய அந்நகரமே 2012இலே வங்குரோத்து வழக்குத் தாக்கல் செய்தது.

கலிபோர்னியாவிலே வீட்டை மீட்பதற்கு வங்கி பெரும்பாலும் நீதிமன்றஞ் செல்வதில்லை. கடன் பெறும்போது எழுதப்படும் உறுதியிலேயே, மூன்றாம் தரப்பான நம்பிக்கைப் பொறுப்பாளருக்கு விற்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டுவிடுகிறது. தவணை தவறி 120 நாள் கடந்தபின் தவறுகை அறிவித்தல் பதியப்படலாம். அதன்பின் மூன்று மாத அவகாசம். பின்னர் விற்பனைக்குக் குறைந்தது 20 நாட்களுக்கு முன் ஏல அறிவித்தல். அவ்வளவே. எனவே இடர் வருமென்று தெரிந்த முதல் மாதத்திலேயே கடன் நிறுவனத்துடன் பேசவேண்டும். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட வீடமைப்பு ஆலோசகர்கள் அங்கே உளர். அவர்களிடம் செல்வதில் வெட்கமில்லை. கடிதங்களைப் பிரிக்காமல் மேசையிலே அடுக்கி வைப்பதே பெருங்கேடு. வாங்குவதற்காகப் பெற்ற, தாமே குடியிருந்த வீட்டின் கடனுக்கு, ஏலத்தின் பின் எஞ்சிய தொகையைக் கேட்டுக் கடன் கொடுத்தவர் வழக்கிடுவதை அம்மாநிலச் சட்டம் தடுக்கிறது என்பது ஓர் ஆறுதல். எனினும் முற்பணமும் கட்டிய தவணைகளும் திரும்பி வருவதில்லை.

நேயர்களே, இவற்றைக் கேட்டு வீடு வாங்குதல் அஞ்சத்தக்கது என்று கொள்ளவேண்டியதில்லை. வாடகை ஆண்டுக்காண்டு ஏறும் ஊரிலே, மாறாத வட்டிக் கடனும் மெதுவாக ஏறும் வரியும் ஒரு குடும்பத்துக்கு நிலைப்பைத் தருவன. பிள்ளைகள் ஒரே பாடசாலையிலே படித்து முடிப்பர். முதுமையிலே கடன் தீர்ந்த வீடு துணைநிற்கும். அந்நன்மையைப் பெறுவதற்கு வேண்டியது ஒரு தாளும் எழுதுகோலும் ஒரு மாலைப்பொழுதுமே. தாளிலே தவணையை எழுதி அதன்கீழ் வரி, விசேட வரி, காப்புறுதி, சங்கக் கட்டணம், திருத்தச் செலவு ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவேண்டும். கூட்டி வந்த தொகையை வீடு வாங்குமுன் ஆறு மாதம் ஒழுங்காக ஒதுக்கி வாழ்ந்து பார்க்கலாம். வாடகை போக எஞ்சிய வேறுபாட்டைச் சேமித்தாற் போதும். ஆறு மாதமும் குடும்பம் இடரின்றி நடந்தால் வீட்டை வாங்கலாம். மூன்றாம் மாதத்திலேயே மூச்சுத் திணறினால், அந்த வீட்டை விட்டு அதனிலும் சிறிய வீட்டைப் பார்க்கலாம். சேமித்த பணமும் கையிலேயே இருக்கும். கடல் கடந்து வாழும் பிள்ளை விலையைச் சொல்லும்பொழுது, "தவணை எவ்வளவு?" என்று கேட்கும் பெற்றோர், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்பாராயின், அதுவே அவர்கள் அனுப்பும் முதல் உதவியாகும்.